ரகசியப் பட்டியலில் இருந்த லோர்னா

டன்லி தொடக்கப் பள்ளியில் படிக்கிற முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளின் நாக்கும் லோர்னா பெனலுக்கு அத்துப்படி. யாருக்குப் பட்டாணி ஆகாது, யார் பாலை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவான், எந்த வீட்டுப் பிள்ளை திங்கட்கிழமை மட்டும் இரண்டு பன் கேட்கும் என்பதெல்லாம் இருபத்திரண்டு வருஷமாகக் கரண்டி பிடித்த அந்தக் கைக்குத் தெரியும். சனி ஞாயிறு வீட்டில் என்ன நடந்தது என்று அவள் கேட்க மாட்டாள். பேசாமல் இன்னொரு பன்னை வைத்துவிட்டு அடுத்த தட்டைப் பார்ப்பாள்.

நல்ல மனுஷி. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததை அரைகுறையாகக் கேட்டவர்கள் இன்றைக்கு அவளைப் பற்றி என்னென்னவோ பேசுகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் அவள் கையால் பன் தின்று வளர்ந்தவர்கள்.

அவள் வீடு மலை முகட்டில் இருக்கிறது. தார் ரோட்டை விட்டு ஏழு மைல் கப்பிச் சாலை. புருஷன் டேல் நிலக்கரிச் சுரங்கத்தில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு எட்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். ஒரே மகன் நகரத்தோடு போய்விட்டான். ஏதாவது என்றால் மாவட்டப் போலீசான ஷெரீப் ஆபீசுக்குப் போன் போடலாம். டெபுடி போலீஸ்காரர் வந்து சேர நாற்பது நிமிஷம் ஆகும், அதுவும் சாலையில் பனி இல்லாவிட்டால். துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று டி.வி.யில் கோட்டுப் போட்டுக்கொண்டு வாதாடுகிறவர்களின் வாசலுக்குப் போலீஸ் மூன்று நிமிஷத்தில் வந்துவிடும். எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த நாற்பது நிமிஷத்தை மனசில் வைத்துக்கொண்டு படுக்கிறவர்கள். டேல் போன வருஷமே லோர்னா தீயணைப்பு நிலையத்தில் நடந்த துப்பாக்கி வகுப்புக்குப் போய், மறைத்துக் கூடவே வைத்துக்கொள்ள லைசென்ஸ் எடுத்துவிட்டாள். கைப்பைக்குள் அடங்குகிற சின்னத் துப்பாக்கி ஒன்றையும் வாங்கினாள்.

அது ஒரு தடவை அவளைக் காப்பாற்றியும் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் ஒரு சாயங்காலம், போதை மாத்திரை போட்டுக் கண் செருகிப்போன ஒருத்தன் அவள் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. லோர்னா பையைத் திறந்து உள்ளே இருந்ததைக் காட்டினாள். அவ்வளவுதான். "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து போனான். அதற்கப்புறம் நாலு மைலுக்கு அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். யாராவது அவளிடம் துப்பாக்கி எதற்கு என்று வாதம் பண்ணினால், கார்க் கதவில் இருந்த அந்தக் கையைப் பற்றிச் சொல்வாள். கேட்டவர்கள் பேச்சை மாற்றிக்கொண்டு போவார்கள்.

போன வருஷம் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் சுட்டார்கள். எங்கே என்று கேட்காதீர்கள், எங்களுக்கு ஊர்ப் பெயர்கள் குழம்பிப்போய் வெகுநாளாகிறது. எங்கள் பள்ளி வாரியம் கூடி, பணியாளர்களில் சிலர் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டது. அவர்கள் யார் யார் என்பது ரகசியம். பெற்றவர்களுக்குக்கூடச் சொல்லக் கூடாது. சுட வருகிறவனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமே. பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டியவர் மாவட்டப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் க்ரேடி. அவர் ஒருநாள் சமையல்கட்டின் சாமான் அறைக்கே வந்து, தக்காளி டின்களுக்கு நடுவில் நின்று லோர்னாவிடம் பேசினார்.

"உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குல்ல?"

"இந்த ஊர்ல யார்கிட்ட சார் இல்ல? பாதிரியாரே இடுப்புல சொருகிக்கிட்டுதான் ஜெபம் பண்றாரு."

"நமக்கு ஆள் வேணும் லோர்னா. டீச்சருங்கள்ல பாதிப் பேரு பயப்படுறாங்க, மீதிப் பேரு சண்டைக்கு வராங்க. மத்தியானத்துல எல்லாப் பிள்ளைங்களும் ஒரே எடத்துல உக்காருறது உங்க கண்ணு முன்னாடிதான். கதவத் தள்ளிக்கிட்டு எவனாவது வந்தா மொதல்ல பாக்கப் போறது நீங்க."

லோர்னாவுக்கு வரிசையில் தட்டு நீட்டுகிற முகங்கள் ஞாபகம் வந்தன. மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். மூன்று சனிக்கிழமை பயிற்சி. எப்படிக் குறி வைப்பது, மூலை திரும்பும்போது எந்தக் காலை முதலில் வைப்பது, பிள்ளைகள் குறுக்கே ஓடினால் என்ன செய்வது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கழிப்பறைக்குப் போனால் அதைக் கழற்றி எங்கே வைப்பது என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. பயிற்சி கொடுத்தவர் தடித்த தோல் பெல்ட் போடுகிற ஆண்பிள்ளை. எலாஸ்டிக் வைத்த சமையல்கட்டுக் கால்சட்டையின் சங்கடம் அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் லோர்னா வயிற்றைச் சுற்றி ஒரு துணிப் பட்டை கட்டி, அதில் இருந்த உறைக்குள் துப்பாக்கியை வைத்து, மேலே ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேலே ஏப்ரன் கட்டிக்கொண்டாள். கூட வேலை செய்கிற பெர்னடீன் முதல் நாளே பிடித்துவிட்டாள்.

"அடுப்புக்கு முன்னாடி நின்னுகிட்டு யாராவது ஸ்வெட்டர் போடுவாங்களாடி?"

"எனக்குக் குளுருது."

"குளுருதா. எனக்கு வழியிற வேர்வையில சூப்பு வைக்கலாம், உனக்குக் குளுருது. நல்லாப் போட்டுக்கோ. உன் பக்கத்துலயே நிக்கிறேன், எவனாவது வந்தா உன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கலாம்."

ரகசியத்தின் லட்சணம் இப்படி இருந்தது. ஆனாலும் லோர்னாவுக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஐம்பத்தெட்டு வயசில், ஒரு விதவைக்கு, பிள்ளைகளின் உயிரையே நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். பெருமைப்படாமல் என்ன செய்வாள்?

அக்டோபர் மாதத்தில் பணியாளர் கழிப்பறையின் குழாய் வெடித்து, அதை மூடிவிட்டார்கள். பக்கத்தில் இருந்தது பெண்பிள்ளைகளின் கழிப்பறை. லோர்னா அங்கேதான் போய்வந்தாள். பட்டையோடு கால்சட்டையை இறக்கினால் துப்பாக்கி தரையில் விழும். ஆகவே உட்காருவதற்கு முன்னால் அதை எடுத்து, காகிதச் சுருள் மாட்டியிருக்கிற இரும்புப் பெட்டியின் மேல் வைப்பாள். எழுந்ததும் எடுத்துக்கொள்வாள். ஒன்பது நாள் ஒழுங்காக எடுத்துக்கொண்டாள்.

பத்தாவது நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். "பால எடுத்து வைக்கலடி, எங்கடி போன?" என்று பெர்னடீன் நடைவழியில் நின்று கத்தினாள். லோர்னா அவசரமாக எழுந்து வெளியே வந்தாள். கை கழுவ மறக்கவில்லை. சமையல்கட்டுப் பழக்கம், இருபது விநாடி சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும்போது ரேலின் மல்லின்ஸ் உள்ளே வந்தாள்.

ரேலின் நாலாம் வகுப்பு. ஒன்பது வயசு. திங்கட்கிழமை இரண்டு பன் கேட்கிற பிள்ளைகளில் ஒருத்தி. அப்பன் ட்ராவிஸ் போதை மாத்திரை விற்று மாட்டிக்கொண்டு சிறையில் இருந்தான். அம்மா மிஸ்டி முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டுகிற வேலை பார்த்தாள். லோர்னா இப்போதுதான் எழுந்து போன இடத்தில், காகிதப் பெட்டியின் மேல் அது இருப்பதை ரேலின் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்குத் துப்பாக்கி புதிது இல்லை, எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்குமே புதிது இல்லை. துப்பாக்கியின் வாய் தரையைப் பார்த்திருக்க வேண்டும், சுடுகிற விசைக்குள் விரல் போகக் கூடாது என்று அப்பன் உள்ளே போவதற்கு முன்னால் சொல்லிக் கொடுத்திருந்தான். பள்ளிக்கூடமோ வேறு சொல்லிக் கொடுத்திருந்தது: தொடாதே, பெரியவர்களிடம் சொல். ரேலின் தொடாமல்தான் இருந்திருப்பாள். ஆனால் வெளியே பாலர் வகுப்புப் பெண்கள் டீச்சரோடு வரிசையில் வந்துகொண்டிருந்தார்கள். நாலு வயசும் ஐந்து வயசும். அதில் ஒருத்தி ஏற்கெனவே கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னதுகள் கையில் இது கிடைத்தால் என்ன ஆகும் என்று ஒன்பது வயசுப் பிள்ளை யோசித்தது. அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் ஒழுங்காக யோசித்த ஒரே ஆள் அவள்தான்.

குளிருக்குப் போட்டிருந்த மேல்சட்டையைக் கழற்றி அதில் துப்பாக்கியைச் சுற்றி, வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, சமையல்கட்டைப் பார்த்து நடந்தாள். நாற்பது அடி இருக்கும். பாதி வழியில் சட்டையின் கை சரிந்தது. எதிரே வந்த ப்ரூயிட் என்கிற புது வாத்தியார், பிள்ளையின் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு அலறினார்.

ஒலிபெருக்கியில் லாக்டவுன், கதவைப் பூட்டிக்கொண்டு ஒளிந்துகொள்ளுங்கள் என்று மூன்று தடவை சொன்னார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் விளக்குகள் அணைந்தன. முதல் பந்தியில் இருந்த எண்பது பிள்ளைகள் மேஜைக்கு அடியில் நுழைந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள். அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். லோர்னா பயிற்சியில் சொன்னபடியே செய்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றாள். பயம் இருந்தது, ஆனாலும் கால் பின்வாங்கவில்லை. ஏப்ரனை விலக்கி, ஸ்வெட்டருக்கு அடியில் கையை விட்டாள்.

பட்டை இருந்தது. உறை இருந்தது. உறைக்குள் ஒன்றும் இல்லை.

எங்கே விட்டோம் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தாள். நடைவழியில் ரேலின் குப்புறக் கிடந்தாள். ப்ரூயிட் அவள் முதுகில் முழங்காலை அழுத்திக்கொண்டு அவரும் அழுதுகொண்டிருந்தார். எட்ட உதைத்துத் தள்ளிய துப்பாக்கி சுவரோரம் கிடந்தது. பிள்ளை கன்னத்தைத் தரையில் வைத்தபடி அந்தக் கதவையே பார்த்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த லோர்னாவின் முகத்தைப் பார்த்தது. லோர்னா கதவைத் திறக்கவில்லை.

டெபுடிகள் வந்து ரேலினை உள்ளிருந்து திறக்க முடியாத காரின் பின் சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். மூன்று மணிக்குக் க்ரேடி சமையல்கட்டுக்கு வந்து, பெர்னடீனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அது உங்களுதா?"

"ஆமா சார். பாத்ரூம்ல..."

"யாருக்குத் தெரியும்?"

"இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

"அப்ப எனக்கும் தெரியாது. ஷெரீப்புக்குத் துப்பாக்கி நம்பரப் பாத்தாத் தெரியும், அவரு பேச மாட்டாரு. பட்டியல்ல கையெழுத்துப் போட்டவரே அவருதானே."

"ரேலினுக்கு என்ன ஆகும்?"

"துப்பாக்கியோட வளாகத்துல புடிபட்ட பிள்ளைக்கு ஒரு வருஷம் பள்ளிக்கூடம் கெடையாது. அது சட்டம், நான் எழுதினது இல்ல. அடுத்த வாரம் வியாழக்கெழம வாரியம் விசாரிக்கும்."

"அது கொண்டு வரல சார். எங்கிட்டக் குடுக்க வந்துச்சு."

"லோர்னா, கேளுங்க. நீங்க வாயத் தெறந்தா உங்க மேல கேஸ் வரும். பிள்ளைங்க நடமாடுற எடத்துல போட்டுட்டு வந்தீங்கன்னு. லைசென்ஸ் போயிரும், வேலை போயிரும். அதுகூடப் பரவால்ல. இந்தத் திட்டமே போயிரும். நாளைக்கு நெசமாவே ஒருத்தன் வந்தா அந்த முந்நூறு பிள்ளைங்களுக்கு யாரு நிப்பா? ஒரு பிள்ளையா, முந்நூறு பிள்ளைங்களா? நீங்களே சொல்லுங்க."

கெட்டிக்காரர். அவள் எதற்காகத் தலையாட்டினாளோ அதையே எடுத்து அவள் வாயில் அடைத்துவிட்டார். வியாழக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, வாரியத்தில் இருப்பவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே, அவர்களே விட்டுவிடுவார்கள் என்று லோர்னா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயந்தவர்கள் எல்லோரும் தங்களுக்குச் சொல்லிக்கொள்வதுதான்.

மறுநாளிலிருந்து ஊர் பேசியது. மல்லின்ஸ் வீடு என்றால் யாருக்கும் நம்புவதற்குச் சிரமம் இல்லை.

"அப்பன் உள்ள இருக்கான், ஆத்தாக்காரி வீட்டுலயே இருக்கிறதில்ல. வீட்டுல கண்ட எடத்துல துப்பாக்கி கெடக்கும்" என்று பெர்னடீன் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே சொன்னாள். "இதுங்களையெல்லாம் நம்ம பிள்ளைங்களோட உக்கார வச்சதே தப்பு. என்ன சொல்ற?"

"ம்" என்றாள் லோர்னா.

அந்த ஒரு 'ம்'தான் தன் ஆயுசில் செய்த அசிங்கமான காரியம் என்று பின்னால் அவளே சொன்னாள். துப்பாக்கியை மறந்தது மறதி. அதற்கு மன்னிப்பு உண்டோ இல்லையோ, அது மறதி. 'ம்' என்றபோது அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கஷ்டப்படுகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போக மாட்டோம். சாவு வீடோ, ஜெயில் வீடோ, எதுவானாலும் ஒரு தட்டு சமைத்து, மேலே வெள்ளித்தாள் மூடிக் கொண்டுபோவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை லோர்னா கோழியும் நூடுல்ஸும் போட்டு வேகவைத்து மல்லின்ஸ் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். உண்மையைச் சொல்லத்தான் போனாள் என்று அவள் சாதிக்கிறாள். இருக்கலாம்.

மிஸ்டி கதவைத் திறந்ததும் லோர்னாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஸ்கூல்லேருந்து வந்த ஒரே ஆள் நீங்கதான் மிஸ் லோர்னா. ஒருத்தரும் எட்டிப் பாக்கல."

"அழாத பொண்ணே. சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?"

"எங்க எறங்குது. இவ என்னான்னா, பாத்ரூம்ல கெடந்துச்சுங்கிற கதையவே திரும்பத் திரும்பச் சொல்றா. பாத்ரூம்ல எப்படி மிஸ் லோர்னா துப்பாக்கி கெடக்கும்? நானும் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டு, பொறுக்க முடியாம ரெண்டு அறை விட்டேன். உண்மையச் சொல்லுடின்னு. அப்பவும் அதேதான் சொல்றா."

சமையல் மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ரேலின் பென்சிலை நிறுத்தினாள். "நான் நெடுகத் தரையப் பாத்துதான் புடிச்சிருந்தேன், மிஸ் லோர்னா. விரலை உள்ள விடவே இல்ல."

"தெரியும் கண்ணு."

"யாருதுன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு லோர்னாவையே பார்த்தாள். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் ஒரு பிள்ளை அடி வாங்கியிருக்கிறது. இப்போது, இந்த இடத்தில், ஒரு வாக்கியம் சொன்னால் போதும். லோர்னா தட்டின் மேல் இருந்த வெள்ளித்தாளை ஓரத்தில் அழுத்திவிட்டாள். மிஸ்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வியாழக்கெழம வந்து இவளைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுவீங்களா? நீங்க சொன்னாக் கேப்பாங்க" என்றாள். லோர்னா சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். கப்பிச் சாலை தொடங்குகிற இடத்தில் காரை ஓரங்கட்டிவிட்டு, தன் தலையில் தானே அடித்துக்கொண்டு அழுதாள். அழுது யாருக்கு என்ன பிரயோஜனம்.

விசாரணை பள்ளி நூலகத்தில் நாலு மணிக்கு நடந்தது. பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலிகளில் வாரியத்துப் பெரிய மனிதர்கள் ஐந்து பேரும் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் க்ரேடியும் ஒரு வக்கீலும். மிஸ்டி வேலை உடுப்போடு வந்திருந்தாள். ரேலினுக்கு மாதாகோவிலுக்குப் போடுகிற கவுனை மாட்டிவிட்டிருந்தாள். ப்ரூயிட் பார்த்ததைச் சொன்னார். வக்கீல் ரேலினிடம் யார் கொடுத்தார்கள் என்று கேட்டார். "கெடந்துச்சு" என்றாள். எங்கே என்றார். "பாத்ரூம்ல" என்றாள். வாரியத்தில் ஒருத்தர் பெருமூச்சு விட்டு ஜன்னலைப் பார்த்தார்.

நல்ல வார்த்தை சொல்ல லோர்னாவைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றாள்.

"நல்ல பொண்ணு. பொய் சொல்லாது. பாத்ரூம்லதான் கெடந்துச்சு." எச்சிலை விழுங்கினாள். "அது என்னோட துப்பாக்கி."

"லோர்னா, உக்காருங்க" என்றார் க்ரேடி.

"இல்ல சார். பட்டியல்ல என் பேரு இருக்கு. அவசரத்துல பெட்டி மேல வச்சுட்டு வந்துட்டேன். சின்னப் பிள்ளைங்க எடுத்துருவாங்களோன்னு பயந்து இது எங்கிட்டக் கொண்டாந்துச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு நான் பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

வக்கீல் எட்டி, பதிவுக் கருவியை அணைத்தார். மிஸ்டி லோர்னாவைப் பார்க்கவில்லை. மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள்.

"இவங்களுதுன்னு உனக்குத் தெரியுமா?"

ரேலின் தலையாட்டினாள்.

"அப்ப ஏன்டி சொல்லல? நான் அந்த அடி அடிச்சேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"மிஸ் லோர்னாவே சொல்லுவாங்கன்னு நெனச்சேன்."

மிஸ்டி அப்புறம்தான் லோர்னாவை நிமிர்ந்து பார்த்தாள். குரல் உயரவே இல்லை.

"எங்க வீட்டுக்கு வந்தீங்க. நூடுல்ஸ் கொண்டாந்தீங்க. இவளை அடிச்சேன்னு நான் சொல்லும்போது எதுத்தாப்புல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க. எப்படி மிஸ் லோர்னா உக்காந்திருந்தீங்க?"

க்ரேடி எழுந்து, வாரியம் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்.

ஒரு வருஷத் தண்டனையைப் பத்து நாளாகக் குறைத்தார்கள். அந்தப் பத்து நாளும் கழிந்துவிட்டதாகவும் கருணையோடு அறிவித்தார்கள். ரத்து பண்ணவில்லை. ரேலினின் கோப்பில் 'ஆயுதம் வைத்திருந்தமை, தண்டனை குறைக்கப்பட்டது' என்று இருக்கிறது, அவள் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அதுவும் கூடப் போகும். லோர்னாவுக்கு இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. துப்பாக்கியைக் கழிப்பறையில் விட்டதற்காக அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. பட்டியலில் தன் பெயர் இருப்பதை மற்றவர்கள் முன்னால் வெளியிட்டதற்காக நீக்கினார்கள். கேஸ் போடவில்லை, போட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். திட்டம் நடக்கிறது. பட்டியலில் புதிதாக மூன்று பேரைச் சேர்த்ததாகக் கேள்வி. பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் காகிதப் பெட்டிகளுக்கு மேலே, எதை வைத்தாலும் வழுக்கி விழும்படி, சாய்வாக ஒரு தகரம் அடித்தார்கள். எங்கள் வாரியம் இந்தச் சம்பவத்திலிருந்து கற்றுக்கொண்டது அதைத்தான்.

துப்பாக்கியை ஷெரீப் ஆபீசில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ரசீதோடு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சட்டப்படி அவளுடைய சொத்து ஆயிற்றே. அதன் பேரில் எந்தக் கோப்பும் இல்லை. லோர்னா அதைக் கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறையில் வைத்திருக்கிறாள். வெளியே எடுத்துப் போவதில்லை, தூக்கி எறியவும் இல்லை. முகட்டு வீட்டுக்கு இன்றைக்கும் நாற்பது நிமிஷம்தான். துப்பாக்கி நல்லதா கெட்டதா என்று யாராவது அவளிடம் வாதத்துக்கு வந்தால், பெட்ரோல் பங்கு ஆளின் கையைப் பற்றி இப்போது சொல்வதில்லை. உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, மளிகைக் கடையில் பைகளைத் தள்ளுவண்டியில் அடுக்கும்போது லோர்னாவின் கார்ச் சாவி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. வாசல் பக்கம் போய்விட்டாள்.

"மேடம். உங்க சாவி விழுந்துருச்சு."

திரும்பினாள். மிஸ்டி பணம் கட்டுகிற வரிசையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சாவிக்குப் பக்கத்தில், ஒரு அடி தள்ளி, ரேலின் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். இரண்டு கையும் சட்டைப் பைக்குள் இருந்தன.

"நல்லா இருக்கியா கண்ணு? அத எடுத்துக் குடேன். முட்டி வலிக்குது, குனிய முடியல."

ரேலின் சாவியைப் பார்த்தாள். பிறகு லோர்னாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, துடுக்கு இல்லை.

"நான் எடுக்க மாட்டேன் மேடம்" என்றாள்.

லோர்னா தள்ளுவண்டியோடு திரும்பி வந்து, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மடித்து, மெல்லக் குனிந்து, சாவியை எடுத்தாள். அவள் எடுத்து முடிக்கிற வரைக்கும் பிள்ளை பைக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்கவில்லை. எடுத்துவிட்டதைப் பார்த்த பிறகு அம்மாவிடம் போய்விட்டது.